கிழங்கு எங்கே தூங்கியது என்று கேளுங்கள்

கல்முனை பசாரில் நாற்பது வருடத்துக்கு மேல் கிழங்கும் வெங்காயமும் விற்றவன் நான். கடையில் மிஞ்சும் சின்னக் கிழங்கை வீட்டுக்குக் கொண்டுபோவேன். என் மனைவி அதை அவித்துப் பிசைந்து கட்லட்டும் ரோல்ஸும் செய்து, மாளிகைக்காட்டிலிருந்து நிந்தவூர் வரைக்கும் தேநீர்க் கடைகளுக்குக் கொடுப்பார். ஆகவே கிழங்கை மூட்டையிலும் பார்த்திருக்கிறேன், தாச்சியிலும் பார்த்திருக்கிறேன். நோன்புக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சாய்ந்தமருது, மருதமுனை, சம்மாந்துறைப் பக்கமிருந்து பிள்ளைகள் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். "மாமா, நோன்புக்குச் சோட் ஈட்ஸ் போடப் போறம். கிழங்கு எப்படிப் பார்த்து எடுக்கிற?" வருகிறவர்களில் பாதிப்பேர் பெண்பிள்ளைகள். கையில் கொஞ்சக் காசு, வீட்டில் ஒரு கேஸ் அடுப்பு, ஒரு பிரிட்ஜ். அந்தப் பிரிட்ஜைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

அவர்களுக்கு வாயால் சொன்னவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். வர முடியாதவர்களுக்கும் உதவட்டும்.

1. மீனையும் கிழங்கையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள்.

நாம் கடற்கரைக்காரர். கரைக்கு வந்த மீனுக்கு உடனே ஐஸ் போட வேண்டும் என்பது நமக்குப் பிறப்பிலேயே தெரியும். அந்தப் பழக்கத்தில், எந்தப் பொருளையும் குளிரில் வைத்தால் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். மீன் செத்த பொருள். குளிர் அதை அழுகாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். உருளைக்கிழங்கு பிடுங்கிய பிறகும் உயிரோடு இருக்கிறது. மூட்டைக்குள் மூச்சு விடுகிறது, சூடு விடுகிறது, தன் கண்களில் முளை விடத் தயாராகிறது. உயிருள்ள ஒன்றைக் குளிரில் போட்டால் அது சும்மா கிடக்காது. குளிரைத் தாங்க ஏதாவது செய்யும். வாழைப்பழத்தைப் பிரிட்ஜில் வைத்தால் தோல் கறுத்துப்போவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வத்தாளங்கிழங்கைக் குளிரில் வைத்தால் எவ்வளவு அவித்தாலும் நடுவில் கட்டியாக நிற்கும். உருளைக்கிழங்கு வெளியே ஒன்றும் காட்டாது. உள்ளே இனிக்கத் தொடங்கும்.

2. முதலில் என் பிழையைக் கேளுங்கள்.

2002ஆம் ஆண்டு. அந்த வருடம் பெப்ரவரியில் யுத்த நிறுத்தம் வந்து, வீதிகளில் லொறி ஓடுவது இலகுவாகியிருந்தது. நோன்பு நவம்பரில் வந்தது. நம் பக்கம் நவம்பர் என்றால் மழை. வெலிமடையிலிருந்து பதுளை, மகா ஓயா, அம்பாறை என்று இறங்கி வரும் கிழங்கு குறைந்து விலை ஏறியிருந்த நேரம். கொழும்பில் ஒரு குளிர் அறையில் கிடந்த கிழங்கு மலிவாகக் கிடைத்தது. மூட்டையை அவிழ்த்துப் பார்த்தேன். கல் மாதிரி இறுக்கம், ஒரு முளை இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. இவ்வளவு நல்ல கிழங்கு இந்த விலைக்கா என்று மகிழ்ந்து ஒரு லொறி எடுத்தேன்.

முதல் நோன்பன்று மனைவி போட்ட கட்லட்டைத் தின்றவர்கள் மறுநாள் கேட்டார்கள், "என்ன காக்கா, கட்லட்டுக்குள்ள சீனி போட்டிருக்கா?" சரி, கை தவறியிருக்கும் என்று விட்டேன். மூன்றாம் நாள் ஒரு பையன் வந்தான். கல்முனைக்குடியில் புதிதாகச் சிப்ஸ் பொரித்து விற்கத் தொடங்கியவன். என்னிடம் எடுத்த கிழங்கில் பொரித்ததை ஒரு பையில் கொண்டுவந்து கல்லாவில் வைத்தான். எல்லாம் கறுப்பு. விளிம்பு கருகி, நடு மண்ணிறமாகி, தின்றால் கசப்பு. "எண்ணெய் பழசாக இருந்திருக்கும் மனே, அடுப்பைக் கூட்டி வைத்திருப்பாய்" என்றேன். புது எண்ணெய் என்று அவன் சொன்னதை நான் நம்பவில்லை. ஊரில் ஒரு தொழில் தொடங்கிய பிள்ளையின் முதல் வாரம் என் கிழங்கால் போனது.

பிறகுதான் எனக்குப் பழக்கமான ஒரு விவசாயப் போதனாசிரியர் கடைக்கு வந்தார். கிழங்கை இரண்டாக வெட்டினார். பச்சையாக ஒரு துண்டை வாயில் போட்டார். சிறுநீரில் சீனி பார்க்கும் தாளை வெட்டிய முகத்தில் ஒட்டினார். தாளின் நிறம் மாறியது. அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "இது எங்க கிடந்த கிழங்கு?"

பையனின் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவனுடைய மனவருத்தத்தைத் திருப்ப என்னால் முடியவில்லை. அன்றிலிருந்து அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் நான் ஒரு மூட்டையும் எடுத்ததில்லை.

3. ஏன் இனிக்கிறது என்பதைக் காரணத்தோடு தெரிந்து வையுங்கள். காரணம் தெரிந்தவருக்கு மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

நூறு கிராம் கிழங்கில் ஏறத்தாழ 80 கிராம் தண்ணீர். மீதியில் பெரும் பங்கு மாப்பொருள், 15 கிராம் அளவில் இருக்கும். கிழங்கு தன் மாப்பொருளில் தினமும் சிறிது எடுத்துச் சீனியாக்குகிறது. அந்தச் சீனியை எரித்துத்தான் மூச்சு விடுகிறது. சாதாரண வெப்பத்தில் ஆக்குவதும் எரிப்பதும் ஒன்றுக்கொன்று ஈடாகப் போகும். அதனால் சீனி சேர்வதில்லை.

வெப்பம் 7, 8 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது இரண்டு வேலையும் மந்தமாகும். ஆனால் ஒரே அளவில் மந்தமாவதில்லை. எரிக்கும் வேலை மிகவும் தளர்ந்துவிடும். மாப்பொருளை உடைக்கும் வேலை அவ்வளவு தளராது. சம்மாந்துறையில் நெல் ஆலை ஓடிக்கொண்டே இருக்கிறது, அரிசி ஏற்ற வேண்டிய லொறிகள் மட்டும் வரவில்லை என்று வையுங்கள். முற்றமெல்லாம் மூட்டை அடுக்கிவிடும். குளிர் அறையில் கிழங்குக்குள் நடப்பது அதுதான். முதலில் சேர்வது நாம் தேநீருக்குப் போடும் அதே வகைச் சீனி, சுக்குரோசு. பிறகு இன்வர்டேஸ் என்ற நொதியம் அதை இரண்டாகப் பிளந்து குளுக்கோசும் பிரற்றோசுமாக ஆக்குகிறது. குளிரில் இந்த நொதியம் இன்னும் கூடுதலாக வேலை செய்யும். 2 பாகை, 4 பாகைக் குளிரில் ஒன்றிரண்டு கிழமையே போதும், வித்தியாசம் தாச்சியில் தெரியும்.

இதை முதலில் ஒழுங்காக ஆராய்ந்து எழுதியவர் ஹெர்மன் முல்லர் துர்காவ் என்ற சுவிற்சர்லாந்து நாட்டுத் தாவரவியலாளர், 1882ஆம் ஆண்டில். அவருடைய பெயரில் ஒரு திராட்சை இனமும் உண்டு. அதற்கு 128 வருடங்களுக்குப் பிறகு, 2010இல், அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அந்த நொதியத்தை உண்டாக்கும் மரபணுவை அடக்கிப் பார்த்தார்கள். அப்படி அடக்கிய கிழங்கு குளிரில் கிடந்த பிறகும் கறுக்காமல் பொரிந்தது. குற்றவாளி இன்னார் என்று அத்தோடு உறுதியானது.

கிழங்கின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் குற்றம் ஒன்றுமில்லை. அதன் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலை. இரவில் உறைபனி விழும் இடம். சீனி கரைந்த தண்ணீர் வெறுந்தண்ணீரைப் போல இலகுவில் உறையாது. உறைந்தால் கலங்கள் கிழிந்து கிழங்கு செத்துவிடும். குளிர் பட்டதும் மாவைச் சீனியாக்குவது அது உயிர் தப்பக் கற்ற வழி. படைத்தவன் அதற்குக் கொடுத்த காப்பு. அது நம் தாச்சிக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

4. இனிப்பைவிடக் கறுப்புக்குத்தான் பயப்பட வேண்டும்.

அவித்துக் கறியாக்கினால் இந்தச் சீனி ஆளுக்கு ஒரு தீங்கும் செய்யாது. "சீனி வருத்தக்காரர் இந்தக் கிழங்கைத் தொடலாமா?" என்று கேட்கிறார்கள். அந்தச் சீனி வெளியிலிருந்து வந்ததில்லை. கிழங்கின் மாப்பொருளிலிருந்தே வந்தது, அந்த மாப்பொருளும் வயிற்றுக்குள் போய்ச் சீனியாகத்தான் மாறும். சீனி வருத்தக்காரர் எந்தக் கிழங்கையும் அளவோடுதான் தின்ன வேண்டும். இதற்கென்று தனிப் பயம் வேண்டாம்.

பொரிக்கும்போதுதான் விஷயம் வேறு. குளுக்கோசும் பிரற்றோசும் கிழங்கிலுள்ள அமினோ அமிலங்களோடு கொதிக்கும் எண்ணெயில் சேர்ந்து மண்ணிறமாகின்றன. 1912இல் பிரான்ஸ் நாட்டு லூயி கமில் மையார் இந்தச் சேர்க்கையை எழுதிவைத்தார். பாணின் மேல்தோல் பொன்னிறமாவதும், வறுத்த கோப்பியின் மணமும் இதே சேர்க்கைதான். அளவோடு நடந்தால் ருசி, அளவு மீறினால் கறுப்பும் கசப்பும்.

உருளைக்கிழங்கில் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. அதுவும் இந்தச் சீனியும் 120 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் சேரும்போது அக்ரிலமைட்டு என்ற பொருள் உண்டாகிறது. இதை ஸ்வீடன் நாட்டு உணவு அதிகாரசபையும் ஸ்டொக்ஹோம் பல்கலைக்கழகமும் உலகத்துக்குச் சொன்னது 2002 ஏப்ரலில். நான் அந்த லொறிக் கிழங்கை இறக்கிய அதே வருடம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சந்தேகிக்கப்படும் பொருட்களின் வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதை 1994லேயே வைத்திருந்தது. அது நாம் தின்னும் பொரியலிலேயே இருக்கிறது என்பதுதான் 2002இல் தெரியவந்தது. சீனி கூடிய கிழங்கு, கூடிய சூடு, கூடிய நேரம்: மூன்றும் சேர்ந்தால் அதுவும் கூடும். ஒரு தரம் தின்றால் நோய் வரும் என்று யாரையும் நான் பயமுறுத்தவில்லை. ஆனால் மஃரிப் பாங்கு சொன்னதும், நாளெல்லாம் வெறுவயிறாக இருந்த ஒரு பிள்ளை பேரீச்சம்பழத்துக்கு அடுத்ததாக வாயில் வைப்பது நீங்கள் பொரித்தது. கறுத்ததை "மொறுமொறுப்பு" என்று சொல்லி அந்தப் பிள்ளைக்கு விற்காதீர்கள்.

5. பச்சைக் கிழங்கைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள்.

வீட்டுப் பிரிட்ஜின் உட்புறம் 4 பாகை அளவில் இருக்கும். அதுதான் கிழங்கு வேகமாக இனிக்கிற குளிர். பிசைந்த கலவையை, பாண்தூள் பிரட்டிய கட்லட்டை, சுருட்டிய ரோல்ஸைத் தாராளமாக வையுங்கள். அவித்த கிழங்கு செத்த பொருள். அதற்குள் நொதியம் வேலை செய்யாது.

6. எந்த நாடு என்பதைவிட எங்கே கிடந்தது என்பதைக் கேளுங்கள்.

பசாரில் ஒரு பேச்சு உண்டு: "பாகிஸ்தான் கிழங்கு இனிக்கும், நுவரெலியாக் கிழங்கு இனிக்காது." இன்னொரு பேச்சு, இனிக்கிற கிழங்குக்கு மருந்து அடித்திருக்கிறார்கள் என்பது. இரண்டும் பிழை. நுவரெலியாக் கிழங்கைக் கொண்டுபோய் 3 பாகையில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், அதுவும் இனிக்கும். மலைநாட்டுக் கிழங்கு பிடுங்கிச் சில நாளில் நம் கைக்கு வருகிறது. இறக்குமதிக் கிழங்கு கப்பலில், கொள்கலனில், கொழும்புக் குளிர் அறையில் என்று பல இடம் கிடந்து வருகிறது. வித்தியாசம் மண்ணில் இல்லை.

இந்தியாவின் கதையைச் சொன்னால் இன்னும் விளங்கும். அங்கே வட சமவெளியில் பெப்ரவரி, மார்ச்சில் கிழங்கைப் பிடுங்குவார்கள். அடுத்த மாதங்கள் கொடும் வெயில். அதனால் ஆக்ரா முதல் வங்காளம் வரைக்கும் மலை மலையாகக் குளிர்க் களஞ்சியங்கள். விதைக் கிழங்குக்கு 2 முதல் 4 பாகை சரியான குளிர். முளைக்காமல் இருக்கும், மறுபடி நடலாம், இனித்தால் என்ன? தின்னும் கிழங்கையும் அதே அறையில் போடுவதால்தான் இனிப்பு. பொரிக்கிற கிழங்குக்கு 10 முதல் 12 பாகை வேண்டும். அந்த வெப்பத்தில் முளை வரும் என்பதால் முளையடக்கும் மருந்து ஒன்றைப் புகையாக விட்டார்கள். குளோர்புரோபாம் என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியம் அந்த மருந்தின் அனுமதியை 2019இல் புதுப்பிக்காமல் விட்டது. இப்போது ஐரோப்பாவில் புதினா வகை எண்ணெய்களையும் எதிலீன் வாயுவையும் கொண்டு முளையை அடக்குகிறார்கள். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் சிப்ஸுக்கென்றே குஃப்ரி சிப்சோனா என்ற இனங்களை 1998இல் வெளியிட்டது. நம் மலைநாட்டில் அதிகம் பயிராவது கிரனோலா. கறிக்கு அருமையான கிழங்கு, ஆனால் மாப்பொருள் குறைவு. சிப்ஸுக்கு அதை நம்பி இறங்க வேண்டாம்.

ஆகவே மொத்தக் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். எப்போது வந்தது? குளிர் அறையில் கிடந்ததா? எத்தனை நாள்? பதில் சொல்லக் கூச்சப்படும் கடையில் எடுக்காதீர்கள். தை மாசி போனால் யாழ்ப்பாணக் கிழங்கு வரும். பிடுங்கிய கையோடு வருவதால் அந்த நாட்களில் பயமில்லை.

7. ஒரு கிழங்கைப் பொரித்துப் பார்த்துவிட்டு மூட்டையைத் தூக்குங்கள்.

கேட்ட பதிலை நம்பலாம், ஆனாலும் பொரித்துப் பாருங்கள். மூட்டையின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று எடுங்கள். நடுப்பகுதியில் மெல்லிய வட்டமாக வெட்டிக் கழுவாமல் துடைத்து எண்ணெயில் போடுங்கள். இளம் பொன்னிறத்தில் நின்றால் எடுக்கலாம். இரண்டு நிமிடத்துக்குள் மண்ணிறமாக ஓடினால் வேண்டாம். விளிம்பு மட்டும் கறுத்தால் அல்லது ஒரு நுனி மட்டும் கறுத்தால் அந்தக் கிழங்கு வயலிலேயே வெயிலோ வறட்சியோ பட்டிருக்கலாம்; இன்னும் இரண்டைப் பொரித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

நாக்கை மட்டும் நம்பாதீர்கள். சிப்ஸ் ஆலைகள் கேட்பது நூறு கிராம் கிழங்கில் குளுக்கோசும் பிரற்றோசும் சேர்ந்து 0.1 கிராம் அளவுக்குள் இருக்க வேண்டும் என்று. அதற்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இருந்தாலும் நாக்குக்குத் தெரியாது, எண்ணெய்க்குத் தெரிந்துவிடும். கட்லட்டைத் தின்று இனிக்கிறது என்று ஒருவர் சொல்கிற நிலை வந்தால் சீனி எங்கேயோ போய்விட்டது என்று அர்த்தம்.

மாப்பொருளைப் பார்க்க இன்னொரு வழி: பதினொரு கோப்பைத் தண்ணீரில் ஒரு கோப்பை உப்பைக் கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். அமிழ்ந்தால் மாப்பொருள் நிறைந்த கிழங்கு. பொரியலுக்கும் கட்லட்டுக்கும் நல்லது. மிதந்தால் ஆணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், உடையாமல் நிற்கும். என் மனைவி இந்தச் சோதனை செய்யாமல் ரோல்ஸுக்குக் கிழங்கு அவிப்பதில்லை.

8. இனித்த கிழங்கைத் திருத்தலாம், ஆனால் நம் ஊரில் முழுதாகத் திருத்த முடியாது.

குளிரிலிருந்து வெளியே எடுத்து 15 முதல் 20 பாகையில் இரண்டு மூன்று கிழமை வைத்தால், சேர்ந்த சீனியில் பெரும்பகுதி மறுபடி மாப்பொருளாகும், ஒரு பகுதி மூச்சாக எரிந்துபோகும். பண்டாரவளையில் அப்படி ஒரு அறை இயற்கையாகவே கிடைக்கும். நமக்கோ உள்வீட்டு நிழலே பகலில் 30 பாகையைத் தொடும். இந்தச் சூட்டில் சீனி வேகமாகக் குறையும் என்பது உண்மை. நான் ஒரு கிழமை, பத்து நாள் வைத்துப் பார்த்து நிறம் தெளிந்ததைக் கண்டிருக்கிறேன். ஆனால் அதற்குள் அழுகலும் முளையும் தொடங்கிவிடும். பத்து மூட்டை திருத்தப் போய் மூன்று மூட்டையைக் குப்பையில் கொட்டியிருக்கிறேன். கொஞ்சக் கிழங்கென்றால் செய்து பாருங்கள். ஒரு லொறியை இப்படித் திருத்தலாம் என்று நம்பி வாங்காதீர்கள்.

தோல் சுருங்கி, முளை நீண்டு, கிழடாகி இனித்த கிழங்கு வேறு. அது முதுமையின் இனிப்பு. எந்த வெப்பத்தில் வைத்தாலும் திரும்பாது.

9. கையில் மாட்டிய இனிப்புக் கிழங்கை என்ன செய்வது?

கறியாக்குங்கள். கொறுக்காய் போட்ட மீன் ஆணத்தில், எலுமிச்சம்புளி விட்ட பிரட்டலில் அந்த இனிப்பு அடங்கிவிடும். கட்லட்டுக்குத்தான் போட வேண்டுமென்றால் மிளகும் மாசியும் கூட்டி, பாதிக்குப் பாதி நல்ல கிழங்கு கலந்து செய்யுங்கள். கட்லட்டின் வெளிப்பக்கம் பாண்தூள் என்பதால் சிப்ஸ் அளவுக்குக் கறுக்காது.

சிப்ஸ் என்றால் வெட்டிய துண்டைத் தண்ணீர் தெளியும் வரைக்கும் கழுவி, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். மேல்முகத்துச் சீனி போகும். கொதிக்காத சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்தால் இன்னும் போகும். பெரிய ஆலைகளிலும் இதைத்தான் செய்கிறார்கள். நன்றாக ஈரம் துடைத்த பிறகு எண்ணெயில் விடுங்கள். எண்ணெய் 175 பாகையைத் தாண்ட வேண்டாம். புகை வரும் வரைக்கும் காய்ச்சுகிற பழக்கம் நம் கடைகளில் உண்டு, அதை விட்டுவிடுங்கள். பொன்மஞ்சள் நிறம் வந்ததும் அள்ளுங்கள். இத்தனையும் செய்தாலும் மிகவும் இனித்த கிழங்கு கறுக்கத்தான் செய்யும், ஏனென்றால் துண்டின் நடுவில் இருக்கிற சீனியை எந்தத் தண்ணீரும் எடுக்காது.

10. குளிரில்லாமல் எப்படி வைப்பது?

கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். இதுதான் முதல் வழி, மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. நம் வெப்பத்தில் ஒரு கிழமை, பத்து நாளுக்கு மேல் வேண்டிய கிழங்கை வீட்டில் சேர்க்காதீர்கள்.

சீமெந்துத் தரையில் போடாமல் பலகை அடுக்கி அதன்மேல் வையுங்கள். காற்று அடியிலும் ஓட வேண்டும். வெயிலும் வெளிச்சமும் படக்கூடாது. வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும்; அந்தப் பச்சை நிறம் தீங்கில்லை, ஆனால் அதோடு சேர்ந்து கூடுகிற சொலனின் என்ற நஞ்சு அவித்தாலும் பொரித்தாலும் முழுதாகப் போகாது. கடை வாசலில் அழகுக்குப் பரப்பி வைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். பம்பாய் வெங்காயத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒன்றின் ஈரம் மற்றதைக் கெடுக்கும். பழுக்கிற வாழைக்குலையையும் மாம்பழத்தையும் அந்த அறையில் வைக்க வேண்டாம். கழுவி வைக்காதீர்கள், மண்ணோடு இருக்கட்டும். பொலித்தீன் பையில் கட்டி மூச்சை அடைக்காதீர்கள். மூடிய லொறியில் தார்ப்பாய் இறுக்கிக் கட்டி வெயிலில் நின்ற கிழங்கை வெட்டிப் பார்த்தால் நடு கறுத்திருக்கும். காற்றில்லாமல் உள்ளே மூச்சுத் திணறியதால் வருவது அது.

குளிர் அறையிலிருந்து வந்த கிழங்கென்றால் இன்னொரு கவனம். நம் ஈரக் காற்று பட்டவுடன் அதற்கு வியர்க்கும். அந்த ஈரத்தோடு குவித்து வைத்தால் இரண்டே நாளில் கொழகொழத்து நாறும். மூட்டையை உடனே அவிழ்த்துப் பரப்பி, மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்களில், குளிர் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, இப்படி வியர்த்த கிழங்குதான் பசாருக்கு வந்தது. ஏப்ரலில் நோன்பு பிறந்தது. ஏற்கெனவே எரிவாயு இல்லாமல், எண்ணெய் விலை தாங்காமல் தவித்த பிள்ளைகள், அழுகல் பொறுக்கியே களைத்துப்போனார்கள்.

11. கடைசியாக ஒன்று. இது தொடங்குகிறவர்களுக்கு இல்லை, என்னோடு பசாரில் இருந்தவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும்.

கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் மொத்தக் கிழங்கு விற்கிற தம்பிமாரே, அரிசி மூட்டையில் இனம் எழுதுகிறோம், டின் மீனில் திகதி பார்க்கிறோம். கிழங்கு மூட்டையில் ஒன்றும் எழுதுவதில்லை. லொறி இறங்கும்போது ஒரு சோக்குக்கட்டியை எடுத்து, வந்த திகதியையும் குளிர் அறையில் கிடந்த நாளையும் சாக்கில் எழுதுங்கள். குளிர்க் கிழங்கைத் தனியே அடுக்கி, கறிக்கு என்று சொல்லி, அதற்கான விலைக்கு விற்றுவிடுங்கள். அதில் நட்டமில்லை, கறிக்குக் கிழங்கு தேடுகிறவர்தான் பசாரில் அதிகம். சிப்ஸுக்குக் கேட்டு வருகிற பிள்ளைக்கு அதைத் தள்ளிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த குறையை வாங்குகிறவருக்கு மறைத்து விற்பது நமக்கு ஆகுமானதில்லை என்பதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த நோன்புக்கு முந்தியே தொடங்குங்கள்.